பதினேழாம் நம்பர் தோணி

"தோணி வெளிய வந்திருச்சு, தங்கச்சி."

வீரசிங்கம் கேட்டுக்கு வெளியே நின்றபடியே சொன்னார். காலை பத்து மணி இருக்கும். றமீஸா விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து கல்யாணக் கார்டு உறைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். எந்தத் தோணி என்று அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் பதினொரு வருடமாகத் தோணி என்றால் ஒன்றுதான்.

"எங்க?"

"பழைய டவுன்ல. ஸ்கூல் படிக்கட்டு இருக்குல்ல, அதுக்குக் கீழ. மூக்கு மட்டுந்தான் தெரியுது. பச்சை பெயின்ட். சேத்தைத் தொடச்சு நம்பரும் பாத்துட்டேன்."

"உள்ளுக்கு...?"

"பூரா சேறு. ஒன்னும் தெரியல. யாரும் தொடாதீங்கன்னு சொல்லிட்டு ஓடியாந்தேன்." அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினார். "நீங்க வரணும்னு இல்ல. ஆனா சொல்லாம இருக்க முடியுமா?"

றமீஸா பேனையை மூடினாள். மேலே கிடந்த கார்டில் பொன்னெழுத்தில், 'மர்ஹூம் நிஸாம் – றமீஸா தம்பதியரின் அன்பு மகள் றிப்தா' என்று இருந்தது. நிக்காஹ்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். காலமானவர் என்ற அந்த முதல் சொல்லை அச்சகத்தில் யாரும் கேட்டுப் போடவில்லை. பெயரைச் சொன்னதும் தானாகவே போட்டுவிட்டார்கள். ஊருக்கே தெரிந்த மௌத்து அது.

"கொஞ்சம் இரிங்க அண்ணன். ஹபாயா போட்டுட்டு வாறேன்" என்றாள்.

*

நிஸாம் அக்குறணைக்காரன். மாத்தளை வீதியில் வாப்பாவுக்குத் துணிக்கடை இருந்தது. மூத்த மகன் ஸெய்னுலாப்தீன், நிஸாம் 'நானா' என்று கூப்பிடும் அண்ணன், கடையில் உட்கார்ந்தார். இளையவன் கடையில் அரை நாள் உட்கார்ந்தாலே கழுத்தை நெரிக்கிறது என்பான். குண்டசாலைப் பக்கம் றமீஸாவைக் கட்டிக்கொண்டு வந்தபின் நீர்த்தேக்கத்தைக் கண்டான்; அதன்பின் வேறொன்றையும் காணவில்லை. மீனவர் சங்கம் கொடுத்த பைபர் தோணிகளில் பதினேழாம் நம்பர் அவனுக்கு வந்தது. வந்த அன்றே பச்சை பெயின்ட் அடித்தான். "வாப்பா கட வெச்சார், தம்பி வல வெச்சான்" என்று அண்ணன் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். சிரிப்புக்குள் ஒரு முள் இருக்கும். மீன் நாற்றத்தோடு உறவு சொல்ல அந்தக் குடும்பத்துக்கு வெட்கம்.

வீரசிங்கமும் அவனும் சோடி. ஒருவர் துடுப்புப் போட மற்றவர் வலை விடுவார். வேலை முடிந்ததும் தோணியைத் 'தாட்டு' வைப்பார்கள். அந்தக் கரையில் எல்லோரும் செய்வதுதான் அது. தோணியை இடுப்பளவு தண்ணீருக்குக் கொண்டுபோய், அடியிலுள்ள அடைப்பைப் பிடுங்கிவிட்டு, கல்லை வைத்து அமிழ்த்திவிடுவது. கள்ளன் கண்ணில் படாது, வெயிலில் வெடிக்காது. வேண்டும்போது கல்லை எடுத்து, அடைப்பைப் போட்டு, தண்ணீரை இறைத்தால் தோணி எழும்பிவிடும். நிஸாமுக்கு மட்டும் ஒரு பிடிவாதம் இருந்தது: கல் பைபரைக் கீறக்கூடாது. பசளைப் பைகளை வெட்டி எட்டுப் பை தைத்துத் தரச் சொன்னான். றமீஸா ஆரஞ்சு நிற நைலோன் நூலால் இரட்டைத் தையல் போட்டுத் தைத்துக் கொடுத்தாள். "கல்லுக்குச் சட்ட தைக்கிற ஒரே பொம்புள ஒலகத்துல நீதான்" என்று அவன் சொன்னான்.

கரைக்குத் திரும்பும்போது துடுப்பால் தோணி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவான். தேத்தண்ணீர் வை என்று அர்த்தம். மேட்டிலுள்ள வீட்டுக்கு அது தெளிவாகக் கேட்கும்.

பதினொரு வருடத்துக்கு முன்னும் இதேபோல் கடும் வறட்சி. தண்ணீர் இறங்கி, நீர்த்தேக்கம் கட்டியபோது மூழ்கிய தெல்தெனியப் பழைய டவுன் எழும்பியிருந்தது. ஒக்டோபர் மாதம், ஒரு புதன்கிழமை. மருமகளின் சடங்குக்கென்று வீரசிங்கம் ஹந்தானைக்குப் போயிருந்தார். விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு நிஸாம் தனியாக இறங்கினான். மாலையில் மழை பிடித்தது. அவன் வரவில்லை. மழை ஐந்து நாள் விடவில்லை. தண்ணீர் ஆள் உயரத்துக்கு மேல் ஆள் உயரமாக ஏறியது. ஆறாம் நாள், அணைக்கட்டுப் பக்கம் அவனுடைய துடுப்பு ஒன்று மிதந்து வந்தது. அவ்வளவுதான். தோணியும் இல்லை, ஆளும் இல்லை. சுழியோடிகள் துடுப்புக் கண்ட இடத்திலேயே நான்கு நாள் தேடினார்கள்.

அன்று விடியலில் நடந்த பேச்சை றமீஸா ஒருவரிடம் மட்டும் சொன்னாள், கணவனின் அண்ணனிடம். பேருவளைப் பக்கம் யாரோ நிஸாமைப் பல நாள் வள்ளத்தில் கடலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு முறை போனால் நாற்பது, ஐம்பது நாள் நடுக்கடல். போன் கிடையாது, கரை கிடையாது. ஒரு மாதமாக அவன் அதே பேச்சு. அன்று காலை அவள் பொறுமை இழந்து சொன்னாள்: "கடலுக்குப் போறண்டா போங்க. மௌத்தாப் போனதா நெனச்சிக்கிறேன்." அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

"ஒரு வேள கோவத்துல அங்க போயிருப்பாரோ, மச்சான்?"

ஸெய்னுலாப்தீன் பேருவளைக்கு ஆள் அனுப்பி விசாரித்தார். அப்படி ஒருவர் வரவில்லை என்றார்கள். "ஆள் போகலாம் புள்ள. தோணி எங்க போகும்?" என்றார் அவர்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, அக்குறணையில் அவர்களுடைய மஹல்லா பள்ளிவாசலில் உடல் இல்லாமலே, இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை நடந்தது. இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்று மௌலவி சொன்னாராம். "அவ இத்தா இருக்கணுமே, எத்தின நாளைக்கி ரெண்டுங்கெட்டான் நெலமையில வெச்சிரிக்கிறது?" என்று பள்ளி நம்பிக்கையாளரான ஸெய்னுலாப்தீன்தான் முன்னுக்கு நின்றார். முந்நூறு பேர் தொழுதார்கள். றமீஸா விதவைக்குரிய நான்கு மாதமும் பத்து நாளும் அறைக்குள் இத்தா இருந்தாள்.

வெளியே வந்த பிறகுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. பின்னேரம் அஸர் நேரம், காற்று விழும்போது, கீழே தண்ணீர்ப் பக்கமிருந்து இரண்டு தட்டு. முதல் தடவை அவள் அறியாமலே கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டாள். பிறகு, சத்தம் கேட்டால் கைவேலையை விட்டுவிட்டு மௌத்தானவர்களுக்கு ஓதும் யாசீனை அவனுக்காக ஓதப் பழகிக்கொண்டாள். றிப்தாவுக்கும் அது கேட்டது என்று தாய்க்குத் தெரியும். அந்த நேரம் பிள்ளை ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவாள். இருவரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. குளத்து மீன் அந்த வீட்டு அடுப்பில் ஏறவில்லை. அந்த மீன் எதைத் தின்று வளர்ந்ததோ என்ற எண்ணத்தை றமீஸாவால் விழுங்க முடியவில்லை.

*

த்ரீவீல் பழைய டவுனுக்கு மேலே நின்றது. அதற்குக் கீழே நடக்க வேண்டும். சேறு வெடித்து ஓடு ஓடாகக் கிடந்தது. நாற்பது வருடத்துக்கு முந்திய கடைகளின் அத்திவாரம், கிணற்று வாய், கறுத்துப்போன மர அடிக்கட்டைகள். பாதி நகரம் பார்க்க வந்திருந்தது. ஐஸ்கிரீம் வண்டி பாட்டுப் போட்டது. ஒரு குடும்பம் பள்ளிவாசல் இருந்த மேட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

ஸ்கூல் படிக்கட்டு எங்கேயும் ஏறாமல் தனியே நின்றது. அதன் அடியில் இருபது பேர் வட்டமாக நின்றார்கள். கரைக்காரர்கள் றமீஸாவைக் கண்டதும் வழி விட்டார்கள். தூரத்தார் சிலர் விடவில்லை.

"யார் இது?"

"பொண்டாட்டியாம்."

"ஐயோ பாவம். எலும்பு இருந்தா பொலிசுக்குத்தான் மொதல்ல செல்லணும், தெரியுமா?"

"நீ பெரிய பொலிசு. போனைக் கீழ போடுடா" என்றார் வீரசிங்கம், படம் பிடித்துக்கொண்டிருந்தவனிடம்.

மண்வெட்டி கொண்டுவந்திருந்தார்கள். வீரசிங்கம் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு தேங்காய்ச் சிரட்டையால் சேற்றை வழிக்கத் தொடங்கினார். பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் றமீஸாவும் மண்டியிட்டாள். சேறு மேலே காய்ந்தும் உள்ளே குளிர்ந்தும் இருந்தது. கையை விடும்போதெல்லாம் விரல் எதில் முட்டப்போகிறதோ என்று மெல்லத் துழாவினாள். பதினொரு வருடமாக அவள் கனவில் கண்டது இதைத்தான்: சேற்றுக்குள் இருந்து ஒரு கை, அவள் கையைப் பிடிப்பது.

முட்டியது கல். அதைச் சுற்றி ஒரு பை.

நெய்த பிளாஸ்டிக் பை உக்கவில்லை. பக்கத்தில் தேங்கிய தண்ணீரில் அதைக் கழுவியபோது நிறம் போன ஆரஞ்சு நூல் தெரிந்தது. இரட்டைத் தையல். அவளுடைய கை.

மூக்கில் மூன்று, நடுவில் நான்கு, பின்னால் ஒன்று. எட்டும் இருந்தன, வரிசையாக, ஒன்றோடொன்று இடிக்காமல். குறுக்குப் பலகையில் நைலோன் கயிறு; அதன் நுனியில் அடைப்பு, இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியபடி. பலகைக்கு அடியில் ஒரு துடுப்பு செருகப்பட்டிருந்தது. பக்கத்தில் மற்றத் துடுப்புக்கான இடம் வெறுமையாக இருந்தது. அதுதான் கழன்று மிதந்து போயிருக்கிறது.

எலும்பு இல்லை. ஒரு பல்கூட இல்லை.

வீரசிங்கத்தின் கையிலிருந்த சிரட்டை நின்றுவிட்டது. அவர் நிமிர்ந்து றமீஸாவைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். கரைத் தொழில் தெரிந்த இன்னும் நான்கு பேர் அங்கே நின்றார்கள். அவர்களுக்கும் விளங்கியது. மூழ்கிய தோணி இப்படி இருக்காது. இது தாட்டு வைத்த தோணி. இடுப்பளவு தண்ணீரில் நின்று, பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாமல் தாட்டு வைத்துவிட்டு, ஒருவன் படிக்கட்டால் ஏறி பஸ் ரோட்டுக்குப் போயிருக்கிறான். அன்று மாலை மழை வந்து மேலே மூடியிருக்கிறது. அதற்குப் பிறகு எந்த வருடமும் தண்ணீர் இவ்வளவு இறங்கவில்லை.

"ஏன் இவ்வளவு கல்லு?" என்றான் போன்காரன். "ஆரோ ஆளைக் கட்டிப் போட்டிருக்காங்க போல."

"பாரத்துக்குத் தம்பி" என்றார் வீரசிங்கம், திரும்பாமலே. "காத்துக்குத் தோணி ஆடாம இருக்க வெக்கிறது. ஒனக்கெங்க தெரியும், நீ ஐஸ்கிரீம் குடிக்க வந்தவன்."

சிலர் சிரித்தார்கள். கூட்டம் ஏமாற்றத்தோடு மெல்லக் கலைந்தது. அவர்கள் போனபின் அவர் தணிந்த குரலில் சொன்னார்: "சத்தியமா எனக்குத் தெரியாது, தங்கச்சி. நான் இல்லாத நாளாப் பாத்துத்தான்..."

"வராம விடப் போறவர் அடைப்பக் கட்டி வெப்பாரா அண்ணன்?"

அவர் யோசித்தார். "மாட்டாரு. திரும்பி வந்து எடுக்கத்தான் இப்படி வெப்பாங்க. பையோட வெச்சிருக்காரே."

"அப்ப ஏன் வரல்ல?"

வீரசிங்கம் சேற்றுக் கையை முழங்கையால் துடைக்கப் பார்த்தார்.

*

திரும்பி வரும் த்ரீவீலுக்குள்தான் அவளுக்குப் போன சனிக்கிழமை நினைவுக்கு வந்தது.

ஸெய்னுலாப்தீன் வீட்டுக்கு வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள் என்றார், மண்டபம் நல்லது என்றார், இரண்டு வட்டிலப்பம் சாப்பிட்டார். எழும்பும்போது, தரையைப் பார்த்துக்கொண்டு, "வலிக்கு நான் நிக்க மாட்டேன் புள்ள. காதியார் நிக்கட்டும்" என்றார். பெண்ணின் சார்பில் நின்று நிக்காஹ் செய்து கொடுப்பவர்தான் வலி; காதியார் முஸ்லிம் விவாக நீதவான். வாப்பா இல்லாத, ஆண் சகோதரம் இல்லாத றிப்தாவுக்கு வாப்பாவின் அண்ணனைவிட யார்? தன்னைக் கேட்காமல் மாப்பிள்ளை பார்த்த கோபம் என்று றமீஸா நினைத்தாள். றிப்தா அன்று பின்னேரம் முழுக்க அழுதாள்.

இப்போது அந்தச் சட்டம் முழுதாக அவள் முன்னால் வந்து நின்றது. மதரஸாவில் எல்லோரும் படித்ததுதான். வாப்பா மௌத்து என்றால் அவருடைய சகோதரன் வலியாக நிற்கலாம். வாப்பா உயிரோடு எங்கேயோ இருந்தால் நிற்க முடியாது. காதியார்தான் நிற்க வேண்டும். தெரிந்துகொண்டே சகோதரன் நின்றால் அந்த நிக்காஹ் செல்லாது.

ஐந்து வேளையும் முதல் வரிசையில் தொழுகிற மனிதர் மச்சான். தெரிந்துகொண்டு நிற்க மாட்டார்.

"அக்குறணைக்கி விடுங்க" என்றாள் த்ரீவீல்காரரிடம்.

"இந்தச் சேத்தோடயா, அக்கா?"

"ஓ. இந்தச் சேத்தோடதான்."

*

மதியம் லுஹர் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்த ஸெய்னுலாப்தீன் தொப்பியைக்கூட இன்னும் கழற்றவில்லை. ஹபாயாவில் முழங்கால் வரை சேறோடு தம்பியின் மனைவி உள்ளே வந்ததைக் கண்டதும் கடைப் பெண்களை மேல் மாடிக்கு அனுப்பினார். கதிரையை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"தோணி கெடச்சிட்டு மச்சான்."

"கேள்விப்பட்டேன். அல்லாஹ் அவன்ட பாவத்த..."

"தாட்டு வெச்சிரிக்கி. எட்டுக் கல்லும் என்ட பையிலதான் இரிக்கி. அடைப்புக் கட்டி இரிக்கி." அவள் மூச்சை எடுத்துக்கொண்டாள். "அவர் உங்களுக்கு எப்ப கதச்சார்?"

எப்போதாவது கதைத்தாரா என்று கேட்டிருந்தால் அவர் இல்லை என்றிருக்கக்கூடும். அவள் அப்படிக் கேட்கவில்லை. ஸெய்னுலாப்தீன் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். எழுபதை நெருங்கும் உடம்பு.

"போய் ஐம்பத்தி நாலாம் நாள்" என்றார்.

வெளியே மாத்தளை பஸ் ஒன்று ஹோனை அழுத்திக்கொண்டு போனது. அது போகும் வரை காத்திருந்தார்.

"பேருவளையில இல்ல. கொழும்புப் பக்கம் திக்கோவிட்ட ஹாபர்ல ஏறியிரிக்கான். இது பத்து நாள் வள்ளம்ண்டு செல்லி ஏத்தியிரிக்காங்க, ஐம்பது நாள் ஆகிப்போச்சி. கரைக்கி எறங்கின ஒடன எனக்கித்தான் எடுத்தான். சிரிச்சிச் சிரிச்சிக் கதக்கிறான். 'நானா, றமீஸா கோவமா இரிக்காளா? கொஞ்சம் செல்லி வைங்க'ண்டான்."

"நீங்க என்ன சென்னீங்க?"

"உனக்கு ஜனாஸா தொழுதாச்சுண்டேன்."

றமீஸா கல்லாவுக்குக் கிட்டப் போனாள்.

"முந்நூறு பேர். நான்தான் முன்னுக்கு நிண்டவன். மௌலவி பொறுக்கச் சென்னார், நான் கேக்கல்ல. உசிரோட இரிக்கிறவனுக்குத் தொழ வெச்சவன்டு நாளைக்கி ஊர் என்ன செல்லும்? நீ இத்தாவுல இருந்த. எனக்கி மூள வேல செய்யல்ல, புள்ள. கொஞ்சம் பொறு, இத்தா முடியட்டும், நான் மெதுவாச் சரி பண்ணுறேன், அதுக்கு முன்னால வராதண்டேன். பொறகு, 'சரி நானா, அவளும் அப்படித்தான் சென்னா'ண்டான்."

"நான் அப்படிச் சென்னனா?"

"நீ என்ன சென்னண்டு எனக்கித் தெரியும்தானே. மௌத்தாப் போனதா நெனச்சிக்கிறேன்டு."

துணிக் கட்டுகளுக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. றமீஸா ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஹபாயாவிலிருந்து காய்ந்த சேறு உதிர்ந்து வெள்ளைத் தரையில் விழுந்தது.

"பொறகு?"

"ரெண்டு தரம் எடுத்தான். கடைசியா, இத்தா முடிஞ்சி ரெண்டு மாசத்தால. நான் இன்னும் பொறுண்டேன். திரும்பவும் வள்ளத்துல போறேண்டான். அதோட அந்த நம்பர் வேல செய்யல்ல. மூணு வருஷம் கழிச்சித் திக்கோவிட்டக்கி நானே போனேன். ஒருத்தனுக்கும் தெரியாது. எத்தின வள்ளம், எத்தின பேரு." அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "இப்ப இரிக்கானா இல்லியாண்டு அல்லாஹ்க்குத்தான் வெளிச்சம்."

"பதினொரு வருஷம் நான் யாசீன் ஓதினேன் மச்சான். அந்தத் தண்ணிய பாத்து."

அவர் அழுதார். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வருமென்று காத்திருந்தாள். வந்தது வேறு ஏதோ. அந்த மனிதரும் பதினொரு வருடமாக அஸர் நேரங்களில் எதையோ கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"காதியார் ஏன் வலியா நிக்கிறார்ண்டு கேப்பாங்க" என்றாள் எழும்பிக்கொண்டு. "நீங்கதான் செல்லணும். எனக்கிட்ட இல்ல. எங்க தொழ வெச்சீங்களோ அங்க. இந்த வெள்ளிக்கெழம."

"புள்ள, மாப்புள ஊட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? கல்யாணம் நிண்டுரும்."

"நிண்டா நிக்கட்டும். பொய்யில நடந்தா அது கல்யாணமா? அதுக்குத்தானே நீங்களே வலிக்கி நிக்க மாட்டேன்டீங்க."

*

றிப்தா கண்டியில் மருந்துக்கடை வேலை முடிந்து வந்ததும் தாய் எல்லாவற்றையும் சொன்னாள், தன் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லையும் சேர்த்து. பிள்ளை வெகுநேரம் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"அப்ப அந்தச் சத்தம்?" என்றாள் கடைசியில்.

பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவர்கள் அதைப் பற்றிப் பேசினார்கள்.

"தெரியாது மகள்."

"மௌத்தானவங்கண்டுதான் நான் பயந்தேன். இப்ப இன்னும் பயமா இரிக்கி."

அவள்தான் மாப்பிள்ளை இப்ஹாமுக்குப் போன் எடுத்தாள், அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு. திரும்பி வந்து, "அவருக்குப் பிரச்சினை இல்லியாம். உம்மாவோட கதச்சிட்டுச் செல்றாராம்" என்றாள். இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, யாரும் எழும்புமுன், ஸெய்னுலாப்தீன் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் போய் நின்றார். அன்று அங்கே இருந்தவர்கள் பிறகு பல மாதிரிச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் பேசினார் என்றும், ஒரு வசனம்தான் பேசினார் என்றும். என் தம்பிக்கு நான் தொழுவித்த தொழுகை பிழை, உங்கள் எல்லோரையும் அந்தப் பிழைக்குள் இழுத்தவன் நான் என்றாராம். முடித்தபின் ஒருவரும் செருப்பைத் தேடவில்லையாம். அன்று பின்னேரமே நம்பிக்கையாளர் பதவியை விட்டார்.

மாலையில் இப்ஹாமின் உம்மா அழைத்தார். "மதினி, கார்ட மாத்தி அடிக்க நேரமில்ல. மர்ஹூம்ண்ட அந்த ஒரு சொல்ல மட்டும் பேனையால வெட்டிட்டுக் குடுங்க. நாங்களும் வெட்டிட்டுத்தான் குடுக்குறோம்."

மறுநாள் றமீஸா பழைய டவுனுக்குப் போனாள். தோணியை மேலே இழுக்க ஆட்களோடு வீரசிங்கம் காத்திருந்தார். சங்கத்தில் திருத்திப் பாவிக்கலாம் என்றார்கள். பைபர் இன்னும் நல்லது.

"வேணாம் அண்ணன். எப்படி இருந்திச்சோ அப்படியே வைங்க."

"மழை வந்தா மூடிருமே."

"மூடட்டும். அவர் வெச்ச எடத்துலதான் அவர் தேடுவார்."

அவர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு ஆட்களை அனுப்பினார். இருவரும் சேர்ந்து எட்டுப் பைகளையும் கழுவி, மூக்கில் மூன்று, நடுவில் நான்கு, பின்னால் ஒன்று என்று திரும்ப வைத்தார்கள். இருந்த ஒற்றைத் துடுப்பை வீரசிங்கம் பலகைக்கு அடியில் இறுக்கிச் செருகினார். மற்றத் துடுப்பு பதினொரு வருடமாக றமீஸா வீட்டு அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. அதையும் அவள் கொண்டுவந்திருந்தாள்.

*

நிக்காஹ் அன்று காலையிலிருந்து மழை. காதியார் வலியாக நின்றார். பதிவில் தகப்பன் பெயருக்கு நேரே, 'இருக்குமிடம் தெரியாது' என்று எழுதப்பட்டது. திரைக்கு இந்தப் பக்கம் பெண்களோடு இருந்த றமீஸா, திரை விலகிய இடத்தால் ஆண்கள் பக்கத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் கவனித்தாள். மண்டபக் கதவு திறக்கும்போதெல்லாம் முந்நூறு தலைகளும் திரும்பின. குடையை மடக்கிக்கொண்டு பிந்தி வந்தவர்கள் வாசலிலேயே திகைத்து நின்றார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், நனைந்த தாடியோடு, ஸலாம் சொல்லிக்கொண்டு நுழைந்தார். காதியாரே ஓதுவதை ஒரு கணம் நிறுத்திவிட்டார். அவர் மாத்தளையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் மாமா. இத்தனை வருடமாக அவள் வீட்டுக்குள் மட்டும் இருந்தது இப்போது ஊர் முழுவதற்கும் பங்கு வைக்கப்பட்டிருந்தது.

சாப்பாடு வந்தது. பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள், ஒரு சஹனுக்கு ஆறு பேர். ஆறு பேர் நிறைந்த இடத்துக்குத்தான் பெரிய தட்டு இறங்கும். ஸெய்னுலாப்தீன் இருந்த வட்டத்தில் ஐந்து பேர்தான் இருந்தார்கள்.

"இங்க இன்னொருத்தர் வாங்கோ!" என்று பரிமாறுபவர் கூப்பிட்டார். "ஒராள் கொற! வாங்கோ, சோறு ஆறுது!"

இடம் தேடி நின்றவர்கள் இருந்தார்கள். ஒருவரும் அங்கே போகவில்லை. ஒருவர் போகப் போய், அது யாருடைய வட்டம் என்று கண்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். காலியாக இருந்த இடம் கதவுக்கு நேரே இருந்தது. பரிமாறுபவர் தட்டைத் தலைக்கு மேலே ஏந்தியபடி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஸெய்னுலாப்தீன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

வெளியே மழை தகரத்தில் ஓயாமல் அடித்தது. பழைய டவுனின் படிக்கட்டு இந்நேரம் மூழ்கத் தொடங்கியிருக்கும்.

றமீஸா திரையை விலக்கினாள். பெண்கள் பக்கமிருந்து அப்படி யாரும் குரல் கொடுப்பதில்லை. மண்டபம் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"வைங்க" என்றாள். "அந்த எடம் அப்படியே இரிக்கட்டும். வைங்க."

தட்டு ஐந்து பேருக்கு நடுவில் இறங்கியது. ஐந்து பேரும் தங்கள் பக்கத்துச் சோற்றை மட்டும் எடுத்தார்கள். சாப்பிட்டு எழும்பியபோது, கதவுப் பக்கம், ஒருவருக்கான பங்கு ஒரு சோறு கலையாமல் இருந்தது.